பெயில்ஸ் எடுக்காத ஆட்டம்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்குத்தான் எல்லாம் கெடத் தொடங்கியது. ஸ்கோர்போர்டுக்கு மேலே இருந்த கடிகாரத்தையே அப்போது பார்த்துக்கொண்டிருந்ததால் நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். பதினோரு பந்தில் ஒன்பது ரன் வேண்டும். கையில் நான்கு விக்கெட் இருந்தது. மட்டை பிடித்து நின்றவன் என் மகன் அருள். எதிர்முனையில் அவன் நண்பன் சாகுல்.

எங்கள் அணி தூத்துக்குடியில் தொடங்கித் தெற்கே கடலோர ஊர்களிலிருந்து பொறுக்கி எடுத்த பதினாறு வயதுக்குட்பட்ட பையன்கள். வெளிநாட்டுப் போட்டிகளில் அவர்கள் சாதித்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கொழும்புக்குப் போனார்கள், காத்மாண்டுக்குப் போனார்கள், கோலாலம்பூருக்குப் போனார்கள். ஓர் ஆட்டத்திலும் வென்றதில்லை. கொழும்பில் ஒன்று மழையால் கைவிடப்பட்டது. பையன்கள் அதை 'நாம தோக்காத மேட்ச்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அந்த வரலாறு சிங்கப்பூரில் ஒன்பது ரன் தொலைவில் மாறவிருந்தது. அப்போதுதான் சைரன் ஒலித்தது.

அதற்கு முந்தைய இரண்டு நாட்களையும் சொல்லிவிடுகிறேன். அவை சந்தோஷமான நாட்கள்.

வியாழக்கிழமை வந்து இறங்கினோம். எங்கள் ஹோட்டல் ஜாலான் புசாரில், குழாயும் சங்கிலியும் திருகாணியும் விற்கும் கடைகளுக்கு நடுவில் இருந்தது. கோச் செல்வின் சார் நான் அறிவியல் நடத்தும் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். பையன்களோடு இன்னொரு பெரியவர் போக வேண்டும் என்றார்கள். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் 'மேனேஜர்' என்ற பட்டத்தோடு நான் கிளம்பினேன். பாஸ்போர்ட்டுகளைப் பத்திரமாக வைத்திருப்பதும், தண்ணீர் கொடுப்பதும், தலை எண்ணுவதும் என் வேலை. நகரும் படிக்கட்டு ஒவ்வொன்றிலும் யாராவது தவறி விழுவதாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. யாரும் விழவில்லை.

முதல் கோளாறு பேருந்தில் வந்தது. கிட் பைகளோடு நிறுத்தத்தில் வரிசையாக நின்றோம். எங்கள் எண் போட்ட பேருந்து வந்தது, எங்களைப் பார்த்தது, போய்விட்டது. அடுத்ததும் அப்படியே போனது. பக்கத்தில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த சீனப் பாட்டி ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னார்: "கையை நீட்டுங்கள். நீட்டாவிட்டால் வேறு பேருந்துக்கு நிற்கிறீர்கள் என்று அவன் நினைத்துக்கொள்வான்."

"நம்ம ஊர்ல கை காட்டுனாத்தான் நிக்காமப் போவான்" என்றார் செல்வின் சார். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு எந்தப் பேருந்து வந்தாலும் பதினான்கு கைகள் நீண்டன. தேவையில்லாத பேருந்துகளும் எங்களுக்காக நின்றன.

அன்று இரவு லிட்டில் இந்தியாவில் சாப்பாடு. ஓர் உணவகத்தின் வாசலில் மீன் தலைக் கறிக்கு ஆள் உயரப் படம் வைத்திருந்தார்கள். "இதுக்கு இம்புட்டுப் பெரிய போர்டா?" என்றான் சாகுல். "எங்க வீட்டுல தலைய பூனைக்குத்தானே போடுவாவ." சாகுலுக்குக் காயல்பட்டினம். மீன் விஷயத்தில் அவனை யாரும் அசைக்க முடியாது. ஆனால் கறி வந்ததும் கண்ணைக்கூட விடாமல் உறிஞ்சினான். பரோட்டாவை இங்கே பிராட்டா என்கிறார்கள். சர்க்கரை தொட்டுச் சாப்பிடுகிறார்கள். அருள் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு மூன்று சாப்பிட்டான். அந்தப் பயணத்தில் அவன் நன்றாகச் சாப்பிட்டதை நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் அணியைக் கவனித்துக்கொள்ள உள்ளூர்க்காரர் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். பெயர் ரஹீம். கிளமெண்டியில் வீடு. அவர் தாத்தா காலத்திலேயே இங்கே வந்து கடை வைத்த குடும்பம். என்னை 'சிஸ்டர்' என்பார். இந்த ஊர் வழக்கப்படி பேச்சின் கடைசியில் ஒரு 'லா' போடுவார். வெள்ளிக்கிழமை காலை மைதானத்தைக் காட்டியபோது, தண்ணீர்க் குழாய் இங்கே, கழிவறை அங்கே என்று சொல்லிக்கொண்டு வந்தவர், "லைட்னிங் சைரன் அடிச்சா ஷெல்டருக்கு வந்துடணும் லா, எல்லாரும்" என்றார். செல்வின் சார் தலையாட்டினார். தலைக்கு மேலே வானம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் தோற்றோம். அதில் எழுத ஒன்றுமில்லை. தோற்பது எங்களுக்குப் பழகிய காரியம். சனிக்கிழமை கிளமெண்டி பக்கத்துப் பள்ளி மைதானத்தில் உள்ளூர் அணியோடு ஆடியபோதுதான் வழக்கம் மாறியது. அருள் தொடக்கம் முதலே நிலைத்து ஆடினான். பந்துக்கும் பந்துக்கும் நடுவில் அவன் கையுறையைக் கழற்றி மாட்டுவதைப் பார்க்காமல் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவன் முகத்தைப் பார்த்தால் அவுட் ஆகிவிடுவான் என்று எனக்கு ஒரு பயம்.

சைரன் நீளமாக ஒலித்தது. கம்பத்தின் மேல் ஒரு விளக்கு சுழன்றது. உள்ளூர்ப் பையன்கள் பள்ளி மணி அடித்ததைப் போலக் கிளம்பி ஓடினார்கள். அம்பயர்கள் இருவரும் கையசைத்துவிட்டு அவர்கள் பின்னாலேயே வேகமாக வந்தார்கள். அருளும் சாகுலும் இரண்டடி எடுத்து வைத்தார்கள். அப்போது என் பக்கத்தில் நின்ற செல்வின் சார் எல்லைக்கோட்டுக்கு ஓடி, வாயருகே கை குவித்துக் கத்தினார்.

"ஏலே, பெயில்ஸ் எடுக்கலலே! நில்லுங்கலே! நில்லு அருளு!"

இரண்டு பேரும் நின்றார்கள். திரும்பிக் கிரீசுக்குள் போனார்கள்.

இது ஏன் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் பக்கத்து டென்னிஸ் பந்துப் போட்டிகளில் தகராறு இல்லாத இறுதி ஆட்டம் கிடையாது. ரன் அவுட்டா இல்லையா என்று இரண்டு ஊரும் மல்லுக்கு நிற்கும். கோபத்தில் எந்த அணி முதலில் மைதானத்தை விட்டு வெளியேறுகிறதோ அது தோற்றதாக மைக்கில் அறிவித்துக் கோப்பையை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். செல்வின் சார் இளவயதில் அப்படி ஒரு கோப்பையை இழந்தவர். அதனால் தன் பையன்களுக்கு அவர் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் விதி ஒன்று உண்டு. ஸ்டம்பின் மேல் இருக்கும் அந்த இரண்டு மரத்துண்டுகளை, பெயில்ஸை, அம்பயர் தன் கையால் எடுக்கும்வரை ஆட்டம் முடியவில்லை. அதுவரை யார் என்ன சொன்னாலும் வெளியே வராதே.

அவசரத்தில் அம்பயர்கள் பெயில்ஸை எடுக்கவில்லை. அவை ஸ்டம்பின் மேல் அப்படியே இருந்தன.

கொட்டகைக்குள்ளிருந்து எல்லாரும் கூப்பிட்டார்கள். உள்ளூர் அணியின் கேப்டன், ஒரு தமிழ்ப் பையன், "டேய், கம் இன் லா! சீரியஸ்டா! உள்ள வாங்க!" என்று கத்தினான். எதிரணிக்காரன் கூப்பிட்டால் எங்கள் பையன்கள் வருவார்களா? சாகுல் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான். விரிந்த பச்சைத் தரையில் அவர்கள் இருவரும், மூன்று மூன்றாக ஆறு ஸ்டம்புகளும் மட்டும்தான்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே ஒன்று, இரண்டு என்று எண்ணினால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று கணக்கிடலாம். எட்டாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் நான் நடத்தும் பாடம் இது. அன்று எண்ண இடமே இருக்கவில்லை. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. மைதானத்தின் மறுகோடியில் நின்ற மரத்திலிருந்து ஒரு கிளை பிளந்து, புகையோடு கீழே சரிந்தது. சாகுல் குப்புற விழுந்து கிடந்தான். அருள் மட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றான். ஓடிவரத் தெரியாதவனைப் போல நின்றான்.

நான் ஓடவில்லை. ஓடியவர் ரஹீம் சார். வயிறு பெருத்த, ஐம்பத்தைந்து வயது மனிதர், செருப்பு கழன்று விழ அந்த வெட்டவெளியில் ஓடி, ஒருவனைத் தூக்கி நிறுத்தி, மற்றவன் கையிலிருந்த மட்டையைத் தட்டிவிட்டு, இருவர் சட்டையையும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். சாகுலுக்கு ஒரு காயமும் இல்லை. பயத்தில் விழுந்திருந்தான். காது இரைகிறது என்று மட்டும் சொன்னான்.

மழை பிறகுதான் வந்தது.

போட்டி நடத்துபவர்கள் எங்களை ஓர் அறையில் உட்காரவைத்துப் பேசினார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. அதுவே எனக்கு அச்சமாக இருந்தது. ஊரில் என்றால் சத்தம் போட்டு, நாற்காலியைத் தள்ளி, கடைசியில் டீ குடித்துச் சமாதானம் ஆவார்கள். இங்கே ஒரு பெண்மணி அமைதியாக ஆங்கிலத்தில் சொன்னார். பாதுகாப்பு விதியை மீறியதால் ஆட்டம் எதிரணிக்கு. அந்த இரு பையன்களும் பயிற்சியாளரும் நாளைய ஆட்டத்தில் பங்கேற்க முடியாது. செல்வின் சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பசங்க பேரை விட்டுட்டு என் பேர மட்டும் போட முடியாதா மேடம்?" ரஹீம் சார் அதை ஆங்கிலத்தில் சொன்னார். முடியாது என்றார்கள்.

வெளியே பேருந்துக்காகக் காத்திருந்தபோது, பையன்கள் காதில் விழும்படி, நான் செல்வின் சாரிடம் சொன்னேன். "ஒங்களுக்கு ஒரு ஜெயிப்பு வேணும்னு ரெண்டு பிள்ளையளக் கொல்லப் பாத்தீங்களே சார்."

அவர், "இல்ல டீச்சர்" என்றார். வழக்கமாக நான் எண்ணும் தலைகளை அன்று அவர் எண்ணினார். கிட் பைகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றினார். எல்லாரும் ஏறிய பிறகு, "நீங்க போங்க டீச்சர், பின்னாலயே வாரேன்" என்றார். பேருந்து கிளம்பியபோது அவர் நிறுத்தத்தில் தனியாக நின்றார். அடுத்தடுத்து வந்த பேருந்து எதற்கும் அவர் கை நீட்டவில்லை. அதைப் பின்கண்ணாடி வழியாகக் கண்ணுக்கு எட்டும்வரை பார்த்தேன்.

அவர் வரவில்லை.

அவரிடம் உள்ளூர் சிம் இல்லை. நாங்கள் எல்லாருமே ஹோட்டல் வைஃபையை நம்பித்தான் இருந்தோம். ஞாயிறு காலை அவர் கட்டிலில் விரிப்பு கலையாமல் இருந்தது. சிற்றுண்டி நேரத்தில் ஊரிலிருந்து அவர் மனைவி என்னை அழைத்தார். "அவிய போனே எடுக்கல டீச்சர். தூங்குதாவளா?" நான் ஆமாம் என்றேன். "எழுப்பாதீங்க, அலைச்சலா இருக்கும். ஜெயிச்சிருந்தா மட்டும் எழுப்பிச் சொல்லச் சொல்லுங்க" என்று சிரித்தார்.

ரஹீம் சார் விடிந்ததும் வந்துவிட்டார். பையன்களை ஹோட்டலில் பூட்டாத குறையாக உட்காரவைத்துவிட்டு, அருளை மட்டும் அழைத்துக்கொண்டு தேடப் போனோம். இரும்புக் கடைகள் சாத்தியிருந்தன. காப்பிக் கடைகளில் எட்டிப் பார்த்தோம். தமிழ்ப் பூசை நடக்கும் மாதா கோயிலுக்குள் போய்ப் பெஞ்சுபெஞ்சாகத் தேடினேன். அவர் எங்கள் சபைக்காரர் இல்லை, ஆனாலும் மனிதன் எங்காவது உட்கார வேண்டுமே. பாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் முழந்தாளிடாமலே வெளியே வந்தேன்.

கால்வாய்ப் பாலத்தைக் கடக்கும்போது கைப்பிடியைப் பிடித்துக் கீழே தண்ணீரைப் பார்த்தேன். ரஹீம் சார் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "பெரிய ஆளு, சிஸ்டர். சின்னப் பிள்ளை இல்ல லா. எங்கயாச்சும் உக்காந்திருப்பாரு" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "மத்தியானம் வரைக்கும் பாப்போம். அப்புறம் போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணிடலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா ஒருவரைத் தேடுவதற்கு மிக மோசமான இடம். விடுமுறை நாள் என்று எங்கெங்கோ கட்டட வேலை செய்பவர்களெல்லாம் அங்கே கூடுகிறார்கள். புல்தரையிலும் நடைபாதையிலும் நம் ஊர் ஆண்கள்தான். எல்லாரும் செல்வின் சார் உயரம், செல்வின் சார் நிறம். தொப்பி வைத்த ஒருவரைத் தோளைத் தொட்டுத் திருப்பினேன். வேறு யாரோ. புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்.

"யாரத் தேடுறீங்க அக்கா?"

"எங்க கோச். வெள்ளத் தொப்பி போட்டிருப்பாரு."

"இங்க எல்லாரும் தொப்பிதான் அக்கா" என்றார் அவர். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "போட்டோ அனுப்புங்க. நாங்க தங்கியிருக்க டார்மிட்டரியோட வாட்ஸ்அப் குரூப்புல போடுறேன். நாளைக்கு வேலைக்குப் போறப்ப, அவரு எங்க நின்னாலும் எவனாச்சும் பாத்துருவான்." ரஹீம் சார் போன் வழியாகப் போட்டோவை வாங்கிக்கொண்டு, கையிலிருந்த வடைப் பொட்டலத்தை அருளிடம் நீட்டினார். அருள் வேண்டாம் என்று தலையசைத்தான்.

மதிய ஆட்டம் குவீன்ஸ்டவுனில். அருளுக்கும் சாகுலுக்கும் ஆடத் தடை இருந்தாலும் பையன்கள் எல்லாரையும் நான்தான் அழைத்துப் போக வேண்டும். ரயிலில் இடம் கிடைத்தும் அருள் உட்காரவில்லை. முந்தைய நாள் பிற்பகலுக்குப் பிறகு அவன் என்னிடம் பேசியது அப்போதுதான்.

"நீ சாரத் திட்டுனல்லா. அதான் போயிட்டாரு."

"அவரு சொல்லித்தானே நீ நின்ன?"

"அவரு சொல்லலன்னாலும் நின்னுருப்பேன்மா. பெயில்ஸ் இருந்துச்சுல்லா." அவன் கண்ணாடிக் கதவைப் பார்த்தபடியே பேசினான். "ஒம்பது ரன்னுதான்."

என் பிள்ளை உயிரோடு என் பக்கத்தில் நிற்கிறான். அந்த நிம்மதியை முழுதாக அனுபவிக்க முடியாமல், எங்கேயோ நிற்கும் இன்னொரு மனிதரையே நினைத்துக்கொண்டிருந்தேன். முந்தைய நாள் அவரிடம் ஒரே வாக்கியம்தான் சொன்னேன். பையன்கள் முன்னால் சொன்னேன்.

குவீன்ஸ்டவுன் பழைய குடியிருப்புப் பகுதி. மாடி வீடுகளின் ஜன்னல்களிலிருந்து மூங்கில்களில் துணிகள் நீண்டிருந்தன. ரயில் நிறுத்தத்திலிருந்து மைதானம்வரை கூரை போட்ட நடைபாதை வருகிறது. வெயிலோ மழையோ படாமல் இந்த ஊரில் எங்கேயும் போய்விடலாம் போலிருக்கிறது. அருளும் சாகுலும் சீருடை இல்லாமல் என் இரு பக்கமும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சாகுலுக்குச் சாப்பாட்டைத் 'தபாவ்' செய்து, அதாவது பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தார் ரஹீம் சார். அவனும் பிரிக்கவில்லை. கோச் இல்லாமல் பீல்டிங் யார் எங்கே நிற்பதென்று பையன்களுக்குத் தெரியவில்லை. எதிரணி நிறைய ரன் எடுத்தது. எங்கள் முறை வந்ததும் விக்கெட்டுகள் வரிசையாக விழுந்தன. அந்த ஆட்டத்திலும் நாங்கள் தோற்கத்தான் போகிறோம் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. பிற்பாடு தோற்கவும் செய்தோம். எங்கள் வெளிநாட்டு வரலாறு பழையபடியே இருக்கிறது.

ஏழாவது விக்கெட் விழுந்த சமயம் ரஹீம் சார் போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நான் இப்பவே ரிப்போர்ட் பண்ணிடுறேன், சிஸ்டர்" என்றார். அவர் எண்ணை அழுத்துவதற்குள் சைரன் ஒலித்தது.

எங்கள் பையன்கள் ஓடிய ஓட்டத்தை என்னால் மறக்க முடியாது. ஆடிக்கொண்டிருந்த இருவரும் மட்டைகளைக் கிரீசிலேயே போட்டுவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல், ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் அழுதுகொண்டே வந்தான். எல்லாரும் கூரைக்கடியில் நெருக்கிக்கொண்டு நின்றோம். ஸ்டம்புகளின் மேல் பெயில்ஸ் இருந்தன. எல்லாரும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அருள் என் கையைப் பிடித்தான். சின்ன வயதில் பிடித்ததுதான், அதற்குப் பிறகு இப்போதுதான் பிடிக்கிறான்.

சாகுல்தான் முதலில் பார்த்தான். "எம்மா! சார்!"

நிறுத்தத்திலிருந்து வரும் கூரை நடைபாதையில் செல்வின் சார் நடந்து வந்துகொண்டிருந்தார். தொப்பி இல்லை. நேற்றுப் போட்ட அதே சட்டை, ஈரமாகி உடம்பிலேயே காய்ந்த சட்டை. ஷூவில் கிளமெண்டி மைதானத்துச் சேறு வெளுத்துக் காய்ந்திருந்தது. இரவு அங்கேயேதான் இருந்திருக்க வேண்டும். வேகமாகவும் இல்லை, தயங்கியும் இல்லை. ரஹீம் சார் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அருகில் வந்ததும் அவர் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. விரலை நீட்டித் தலைகளை எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "டீச்சர்" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் அருளுக்கும் சாகுலுக்கும் முன்னால் ஈரத் தரையில் குந்திவிட்டார். அவர்களை நிமிர்ந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

"ஏலே, சைரன் அடிச்சா வெளிய வந்துரணும். பெயில்ஸ் இருந்தா இருக்கட்டும்" என்றார். இரண்டு பேர் முழங்காலிலும் கை வைத்தார்.

"நானே நில்லுன்னு கத்துனாலும் நிக்கப்படாது."